பாலர் வகுப்பிலே பண் பிறக்கட்டும்

அகரம் கற்ற பிள்ளையை நாம் அகரத்தோடு நிறுத்திவிடுவதில்லை. எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கவும், சொல்லைக் கூட்டி வசனமாக்கவும் பழக்குகிறோம். ஐந்தாம் வகுப்பை எட்டுமுன் ‘எங்கள் பசு’ என்று பத்து வரிக் கட்டுரை எழுதச் செய்கிறோம். அது பேரிலக்கியம் அன்று. எனினும் பிள்ளையின் சொந்த ஆக்கம். இசைக் கல்வியில் மட்டும் இந்த நியதியைக் கைவிட்டது ஏன்? சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் எனப் பிறர் ஆக்கியவற்றை ஒப்புவிப்பதோடு பிள்ளையின் சங்கீதம் முடிந்துவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லவர் வீட்டுப் பிள்ளைக்கே கிட்டுகிறது.

பயிற்சி முறையை நாம் இகழவில்லை. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை படிமுறைப் பரீட்சைகளை நடத்தி, இசையாசிரியர் பரம்பரையொன்றை உருவாக்கியதை எவரும் மறுக்கார். ஆயினும், பரீட்சைக்குப் பாடுவது வேறு. பாட்டின் இலக்கணம் அறிந்து தானே ஒரு மெட்டை அமைப்பது வேறு. முன்னது சிலருக்கு உரியது. பின்னது ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியது என்பதே நம் வாதம்.

இதற்கு வீணையும் வேண்டாம், வயலினும் வேண்டாம். மோகன ராகத்தை எடுத்துக்கொள்வோம். ச, ரி, க, ப, த என ஐந்தே சுரங்கள். பழந்தமிழர் முல்லைப்பண் என வழங்கியது இதனையே என்பது இசை ஆய்வாளர் பலரின் முடிவு. இவ்வைந்தைக் கொண்டு நான்கு சுரத் தொடர்களை அமைத்தால் 625 தொடர்கள் கிடைக்கும். ஆசிரியர் ஒரு வரி பாடட்டும். அதற்கு விடையாக அடுத்த வரியைப் பிள்ளை அமைக்கட்டும். ஷட்ஜத்தில் வந்து முடியவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது விளையாட்டு. ஆனால் இசையமைப்பின் முதற்பாடமும் இதுவே.

தாளமும் அவ்வாறே. ஒரு தட்டும் மூன்று விரலெண்ணிக்கையும், பின் இருமுறை தட்டும் வீச்சும்: நான்கும் இரண்டும் இரண்டும் எட்டு. இது ஆதி தாளம். முதற் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டாங் காலத்தில் இரண்டு, மூன்றாங் காலத்தில் நான்கு. பெருக்கலும் பின்னமும் கையிலே விளங்கும்போது வாய்பாட்டுக்கு அஞ்சும் பிள்ளையும் தலை நிமிரும். 1947இல் யாழ் நூலை வெளியிட்ட காரைதீவின் விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

பிற நாட்டார் செய்ததையும் நோக்குவோம். ஹங்கேரி ஆஸ்திரிய மணிமுடியின் கீழ் இருந்த காலத்தில், அந்நாட்டு நகரத்துக் கனவான்கள் ஜெர்மானிய இசையையே உயர்வாகக் கொண்டனர். சோல்தான் கொடாய் என்பவர் 1905இல் கிராமங்களுக்குச் சென்று உழவர் பாடல்களைத் திரட்டத் தொடங்கினார். தாய்மொழி போலவே இசைக்கும் ஒரு தாய்வழி உண்டு என்றும், பிள்ளை அதிலிருந்தே தொடங்கவேண்டும் என்றும் அவர் வாதாடினார். நாள்தோறும் இசை கற்பிக்கும் ஆரம்பப் பாடசாலை 1950இல் கெச்கெமேத் நகரில் எழுந்தது. அங்கும் தொடக்கப் பாடங்கள் பெரும்பாலும் ஐந்து சுரப் பாடல்களே. ஆதார சுரத்தைக் குரலுக்கேற்ப நகர்த்திக்கொள்ளும் முறையும் அங்கு உண்டு. நமக்கோ அது நெடுங்காலச் சொத்து. கையிலிருக்கும் செல்வத்தைப் பயன்படுத்தாதவர் நாமே.

‘பாட்டுச் சோறு போடுமா?’ என்று கமக்காரப் பெருமக்கள் வினவலாம். அருவி வெட்டிய வயலிலும் சூடு மிதித்த களத்திலும் நம் பாட்டன்மார் பாடியது எந்தப் பரீட்சைக்காக? உழைப்பின் களைப்பை ஆற்றவும், உழைப்போரை ஒரு குரலாக இணைக்கவும் அவர்களே பாட்டுக் கட்டினர். அப்பரம்பரை இன்று இயந்திர இரைச்சலுக்கு நடுவே வாயடைத்து நிற்கிறது. அன்று பாட்டைப் படைத்த ஊர், இன்று பிறர் விற்பதைக் கேட்கும் ஊராகிவிட்டது.

‘மரபு கெடும்’ என்று வித்துவான்கள் அஞ்சலாம். கட்டுரை எழுதும் பாலகனால் கம்பனுக்கு இழுக்கு நேர்ந்ததுண்டோ? ஒரு வரியைத் தானே அமைக்கப் பாடுபட்ட பிள்ளைக்கே, கீர்த்தனையொன்றின் அருமை விளங்கும்.

‘புலமைப்பரிசில் பரீட்சைக்கு நேரம் போதாது’ என்று உத்தியோகத்தர் வீடுகளில் சொல்லலாம். வாரத்தில் அரைமணி நேரம் குறைந்ததனால் எப்பிள்ளையின் எதிர்காலமும் இருண்டுவிடாது.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. ஆரம்ப வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குக. ஆசிரிய கலாசாலைகள், சாதாரண வகுப்பாசிரியருக்கும் ஐந்து சுரத்தையும் ஆதி தாளத்தையும் கையாளப் பயிற்சி அளிக்கட்டும். மருதனார்மடத்தின் இராமநாதன் நுண்கலை வழிவந்த பட்டதாரிகள் அதற்குத் துணை நிற்கட்டும். ஊர்ப் பாடசாலையின் ஆண்டு விழாவில், பிள்ளைகள் தாமே அமைத்த பாட்டொன்று ஒலிக்கட்டும்.

மொழியுரிமை பேசும் மக்கள் நாம். பேசும் உரிமையைப் பிள்ளைக்குக் கேட்கும் நாம், பாடல் ஆக்கும் ஆற்றலையும் அதற்கு அளிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லரோ?