கையெழுத்துதான் போடலையே, அண்ணே!

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொள்ளும். யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடுவோம். ஒலிவாங்கிக்கு முன்னால் மூன்று விநாடி மௌனமாக இருந்தால்கூட நிலையத்தில் எல்லாரும் பதறிப் போவார்கள். அந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்கும் கொண்டு வந்ததால் என் தங்கைக்கு ஒரு செலவு வந்தது. இந்த வாரம் அந்தக் கதைதான்.

தங்கை என்றால் சித்தி மகள். பொறியியல் படித்துவிட்டு, நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரத்தில் வேலை கிடைத்துப் போனாள். போன புதிதில் தங்குவதற்கு வீடு தேடி அலைந்தாள். கடைசியில் ஒரு வீட்டுக்காரர் வாட்சாப்பில் படங்களையும், மாத வாடகையையும், குடியேறும் தேதியையும் அனுப்பினார். “சரி, செப்டம்பர் 1 முதல் நான் எடுத்துக்கொள்கிறேன்” என்று இவள் பதில் போட்டாள். அவர் டச்சு மொழியில் ஒரே ஒரு சொல் அனுப்பினார்: “அஃப்கெஸ்ப்ரோகன்.” பேசி முடித்தாயிற்று என்று பொருள்.

நான்கு நாள் கழித்து, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வாடகை குறைந்த வீடு ஒன்றைத் தோழி காட்டினாள். இங்கே இரவு பதினொரு மணி இருக்கும், எனக்கு அழைப்பு வந்தது.

“அண்ணே, அந்த முதல் வீட்ட விட்டுடலாம்தானே? நான் கையெழுத்துதான் போடலையே?”

“போடலன்னா ஒண்ணுமில்லம்மா. வேணாம்னு சொல்லிடு” என்றேன். மூன்று விநாடி கூட யோசிக்கவில்லை.

அவளும் அப்படியே சொல்லிவிட்டாள். மறுநாள் வீட்டுக்காரரிடமிருந்து மரியாதையான, ஆனால் அழுத்தமான பதில் வந்தது. “நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னதால் காத்திருந்த மற்றவர்களை அனுப்பிவிட்டேன். நமக்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. வீடு காலியாகக் கிடந்தால் அந்த இழப்பு யாருடையது?”

அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் அக்கா ஒருவர், சிரித்துக்கொண்டே, நான் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்ய வைத்தார். நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் பிள்ளைகளை வேலைக்கும் படிப்புக்கும் அங்கே அனுப்புகிற குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் விதி மிக எளிமையானது. ஒருவர் ஒன்றைத் தருவதாக முன்வைக்கிறார், மற்றவர் ஏற்கிறார். அவ்வளவுதான், ஒப்பந்தம் பிறந்துவிடும். நெதர்லாந்தின் சிவில் சட்டத் தொகுப்பில் ஆறாம் புத்தகம், 217ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. காகிதம், முத்திரை, சாட்சி எதுவும் பொதுவாகத் தேவையில்லை. வாய்ச்சொல் போதும், வாட்சாப்பும் போதும். கையெழுத்து என்பது பேசியதற்குச் சான்று. பேச்சே பல நேரங்களில் ஒப்பந்தம். 2023 ஜூலை 1 முதல், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அங்கே வீட்டுக்காரர்களுக்குச் சட்டம் கடமை விதித்திருக்கிறது. அது குடியிருப்பவரைக் காக்க வந்தது. ‘எழுதவில்லை, அதனால் நான் பேசவே இல்லை’ என்று சொல்லித் தப்பிக்க வந்ததல்ல.

உண்மையில் நம் நாட்டுச் சட்டமும் வாய்மொழி ஒப்பந்தத்தை ஏற்கிறது. ஆகவே, நெதர்லாந்துச் சட்டம் தெரியாததால் நான் தவறினேன் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. நம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, பதிலுக்கு எதுவும் தராமல் பெறும் வாக்குறுதி, சில விதிவிலக்குகள் தவிர, செல்லாது. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற மரபு இது. நெதர்லாந்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. பதிலுக்கு ஒரு காசும் வாங்காமல் ‘தருகிறேன்’ என்று மனமறிந்து சொன்ன சொல்லும் கட்டுப்படுத்தக்கூடும்.

வீடு வாங்குவதற்கு மட்டும் தனிப் பாதுகாப்பு உண்டு. சாதாரண மனிதர் ஒருவர் குடியிருக்க வீடு வாங்கினால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் படி கைக்கு வந்த பிறகு மூன்று நாள் யோசிக்கலாம். அந்த மூன்று நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். வாடகைக்கு அந்தச் சலுகை இல்லை. என் தங்கை கேட்டதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்ததோ என்னவோ. எங்கோ காதில் விழுந்ததை எல்லாவற்றுக்கும் பொருத்திவிட்டேன்.

இரண்டாவது விதி: மனத்தில் நினைத்தது முக்கியம், ஆனால் எதிரில் இருப்பவர் நியாயமாக எப்படிப் புரிந்துகொண்டார் என்பதும் முக்கியம். ‘நான் உறுதியாகச் சொல்லவில்லை, சும்மா ஆர்வமாக இருப்பதைத்தான் சொன்னேன்’ என்று பின்னால் சொல்ல முடியாது. தேதியையும் வாடகையையும் பார்த்துவிட்டு ‘எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதினால், அதைப் படிப்பவர் நம்பத்தான் செய்வார். அந்த நம்பிக்கையைச் சட்டம் காக்கிறது.

ஆனால் அந்த நம்பிக்கை நியாயமானதாக இருக்க வேண்டும். அங்கே ஓர் இணையக் கடை, பல நூறு யூரோ விலையுள்ள தொலைக்காட்சிப் பெட்டியைத் தவறுதலாக நூறு யூரோவுக்கும் குறைவாக விலை போட்டுவிட்டது. ஏராளமானவர்கள் வாங்கினார்கள். கடை தர மறுத்தது. வழக்கு 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தபோது, இவ்வளவு குறைந்த விலையைப் பார்த்ததும் இது பிழையாக இருக்குமோ என்று வாங்குபவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்குப் பாதுகாப்பில்லை.

இதே விதி எளியவர்களையும் காப்பாற்றியிருக்கிறது. டச்சு மொழி சரியாகத் தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளர்கள், வேலையை விட்டு விலகச் சம்மதித்துவிட்டதாக முதலாளிகள் சொன்ன வழக்குகள் 1980களில் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. தலையாட்டியதையோ கையெழுத்தையோ மட்டும் வைத்துச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் உண்மையிலேயே புரிந்துகொண்டாரா என்று முதலாளி கவனமாக உறுதி செய்ய வேண்டும் என்பது நிலைபெற்றது. புரியாத மொழியில் நீட்டப்படும் தாளுக்கு முன்னால் நம் தாத்தா பாட்டிகள் எத்தனை முறை நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது விதி, எழுதியதை எப்படிப் படிப்பது என்பது. அங்கே சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கு ஒன்று உண்டு, பெயர் ஹாவில்டெக்ஸ். பூ அலங்காரத்தில் காம்புகளைச் செருகுகிற பச்சைப் பஞ்சுக்கட்டியை வெட்டும் இயந்திரத்தை அந்த நிறுவனம் வாங்கியது. 1976 முடியும் வரை இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்து 20,000 கில்டர் பெறலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. ‘தக்க காரணம் இருந்தால்தான் திருப்பலாம்’ என்றார்கள் விற்றவர்கள். ‘அப்படி எழுதவில்லையே’ என்றது நிறுவனம். 1981 மார்ச் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான வழியைக் காட்டியது. சொற்களை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அந்தச் சூழலில் இரு தரப்பும் அந்தச் சொற்களுக்கு நியாயமாக என்ன பொருள் கொண்டிருக்க முடியும், ஒருவரிடமிருந்து மற்றவர் நியாயமாக என்ன எதிர்பார்த்திருக்க முடியும் என்று பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கொள்கை ஓடுகிறது. அதைத் தமிழில் ‘நியாயமும் நேர்மையும்’ என்று சொல்லலாம். ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட இடத்தை அது நிரப்பும். எழுதியிருப்பதை அப்படியே நடைமுறைப்படுத்துவது ஏற்கவே முடியாத அளவுக்கு அநியாயமாக இருந்தால் அதைத் தடுக்கவும் செய்யும். பேச்சுவார்த்தை நடக்கும்போதே இந்தக் கடமை தொடங்கிவிடுகிறது. 1982இல் ஒரு நீச்சல் குளக் கட்டுமான வழக்கில், பேச்சு ஓரளவுக்கு மேல் முன்னேறிய பிறகு காரணமின்றி முறித்தால் இழப்பீடு தர வேண்டி வரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

கோவிட் காலத்தில் இந்தக் கொள்கையின் வலிமை தெரிந்தது. கடைகளும் உணவகங்களும் மூடப்பட்டபோது முழு வாடகையும் கட்ட வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. யாரும் எதிர்பார்க்காத சூழல் வந்தால் ஒப்பந்தத்தை மாற்றும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. 2021 டிசம்பர் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு உதவியைக் கணக்கில் எடுத்த பிறகு மிஞ்சும் இழப்பை வீட்டுக்காரரும் வாடகைதாரரும் சமமாகப் பகிர்வதைத் தொடக்கப் புள்ளியாக வைத்தது.

இந்தச் சட்டத் தொகுப்பை வடிவமைத்த மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வார்ட் மையர்ஸ். யூதர் என்பதற்காக 1940இல் நாஜி ஆட்சி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. நவம்பர் 26ஆம் தேதி, அவருடைய மாணவராக இருந்து அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ருடோல்ஃப் க்ளெவெரிங்கா, அவர் வகுப்பெடுக்க வேண்டிய நேரத்தில் மேடையேறி, ஆசிரியரைப் போற்றிக் கண்டன உரை ஆற்றினார். அதற்காகச் சிறை சென்றார். மையர்ஸ் முகாம்களில் அடைக்கப்பட்டு உயிர் பிழைத்தார். எந்த நாடு தன்னைக் காக்கத் தவறியதோ, அதே நாட்டுக்கு 1947இல் புதிய சிவில் சட்டம் எழுதும் பொறுப்பை ஏற்றார். 1954இல் இறந்தார். ஒப்பந்தம் பற்றிய பகுதிகள் நடைமுறைக்கு வந்தது 1992 ஜனவரி 1ஆம் தேதி. வேலை தொடங்கி 45 ஆண்டு.

சரி, தங்கையின் கதைக்கு வருவோம்.

சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? அங்கே முதல் உரிமை, சொன்னதைச் செய்யச் சொல்லிக் கேட்பதுதான். தாமதமாகிறது என்றால், பொதுவாக, நியாயமான கெடு வைத்து எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ‘செய்யவே மாட்டேன்’ என்று ஒருவர் தெரிவித்துவிட்டால் அந்த அறிவிப்புக்கும் தேவையில்லை. என் பேச்சைக் கேட்டு அவள் அதைத்தான் செய்திருந்தாள். அதன் பிறகு இழப்பீடு கேட்கலாம். ஆனால் இழப்பைக் கேட்பவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. குறைக்கக்கூடிய இழப்பைக் குறைக்க முயல வேண்டும். இல்லையென்றால் தொகை குறையும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு தங்கையோடு சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். “நான் ஏற்றுக்கொண்டது உண்மை. கையெழுத்து இல்லாததால் விலகலாம் என்று தவறாக நினைத்துவிட்டேன். வேறு ஆள் பிடிக்க நானும் உதவுகிறேன். அதுவரை ஏற்படும் இழப்பைப் பேசி முடிப்போம்.” அவள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் செப்டம்பர் 15 முதல் அந்த வீட்டை எடுத்துக்கொண்டார். தங்கை பாதி மாத வாடகை கட்டினாள். வீட்டுக்காரர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. முதலில் அவர் மீது எங்களுக்குக் கோபம்தான். யோசித்துப் பார்த்தால், அவர் எங்கள் வார்த்தையை நம்பினார், அவ்வளவுதான்.

அங்கே போகும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். முடிவு செய்யாதவரை ‘எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதாதீர்கள். ‘எழுத்து ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே உறுதி’ என்று ஒரு வரி சேருங்கள். வாடகை வீட்டுக்கு வைப்புத்தொகை அடிப்படை வாடகையில் இரண்டு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் முகவர், உங்களிடமும் தரகுக் கட்டணம் வாங்கக் கூடாது. குறுஞ்செய்திகளை அழிக்காமல் வையுங்கள். சந்தேகம் இருந்தால், இலவசமாகச் சட்ட விளக்கம் தரும் ‘யூரிடிஸ் லோக்கெட்’ என்ற அமைப்பு அங்கே இருக்கிறது. அண்ணனிடம் கேட்பதற்கு முன் அங்கே கேளுங்கள்.

அந்தப் பாதி மாத வாடகையில் பாதியை நான் அவளுக்கு அனுப்பினேன். “எதுக்குண்ணே? நீங்க ஒண்ணும் ஒத்துக்கலையே” என்றாள். உண்மைதான், நான் எதையும் ஏற்கவில்லை, எங்கும் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் அவள் என் சொல்லை நம்பித்தானே அந்தச் செய்தியை அனுப்பினாள்?

இப்போதெல்லாம் யாராவது ஆலோசனை கேட்டால் மூன்று விநாடி பேசாமல் இருக்கப் பழகுகிறேன். நிலையத்தில் அல்ல, வீட்டில் மட்டும்.