ஆய்வேடு எழுதப் புகும் இளைஞர்க்கு

முனைவர் பட்டத்திற்கென ஆய்வு புகும் தமிழிளைஞருட் பலர் முதலடியிலேயே இடறுகின்றனர். இடறச் செய்வது அறிவுக்குறைவன்று, தலைப்பின் பருமையே. ‘சங்க இலக்கியத்தில் மகளிர்’ என்று தலைப்பிட்டவர் 2381 பாடல்களையும் ஒரு மூட்டையாகக் கட்டித் தலைமேல் ஏற்றிக்கொள்கிறார். அத்தனையையும் ஆழக் கற்க மூவாண்டு போதாது. ஆகவே முன்னவர் எழுதிய ஏடுகளிலிருந்து பத்தி பத்தியாய் எடுத்து ஒட்டுகிறார். தமிழாய்வுக்கு நேர்ந்த இழிபெயரிற் பாதி இவ்வொட்டுவேலையால் வந்ததே.

‘அகநானூற்றில் உமணர்’ என்று சுருக்கிக்கொண்டவர்க்கோ இத்தொல்லையில்லை. 400 பாடல்களையும் வரிவிடாது தாமே படிக்கலாம். உப்பேற்றிய வண்டி, அது சென்ற வழி, நெல்லுக்கு உப்பு மாற்றிய முறை என ஒவ்வொன்றாகக் கைக்குள் வரும். முடிவில் அவர் சொல்வது சிறிதாயினும் அவரே கண்டதாயிருக்கும்.

ஒரு பதிப்பை மட்டும் நம்பிவிடலும் ஆகாது. குறுந்தொகைக்குச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-இலும், உ.வே.சா. 1937-இலும் பதிப்புகள் தந்தனர். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கே பாட வேறுபாடு புலப்படும்.

படிக்கும்போதே குறிப்புச் சீட்டு எழுதுக. நூற்பெயர், பதிப்பாண்டு, பக்கவெண் மூன்றுமின்றி ஒரு சீட்டும் இருத்தலாகாது. பிறர் தொடரை மேற்கோட்குறிக்குள் இடுக. இதனைச் சோம்பி விட்டவர், ஈராண்டு கழித்துத் தம் சொல் எது, பிறர் சொல் எது என்று தாமே அறியாது விழிப்பர். பல்கலைக்கழக நல்கைக் குழு 2018-இல் வகுத்த விதிப்படி, ஒப்புமை நூற்றுக்குப் பத்தை மிஞ்சினால் ஏட்டைத் திருத்தி மீளக் கொடுத்தல் வேண்டும்; அறுபதை மிஞ்சினாலோ பதிவே நீக்கப்படும்.

அக்குழுவின் 2022-ஆம் ஆண்டு விதி, ஆய்வுக்குக் குறைந்தது மூன்றாண்டும் பொதுவில் மிகுதியாக ஆறாண்டும் தருகிறது. ‘எல்லாம் படித்தபின் எழுதுவோம்’ என்பவர்க்கு ஆறாண்டும் பறந்துவிடும். எது தெரியவில்லை என்பதே எழுதும்போதுதான் தெரியும். ஆதலின் முதல் திங்களிலிருந்தே நாளொன்றுக்கு அரைப்பக்கமேனும் எழுதல் வேண்டும். நன்றாயில்லையென்று கிழித்தல் வேண்டா; ஏதேனும் இருந்தாலன்றோ திருத்தலாம்!

எழுதியதை நெறியாளரிடம் இயல் இயலாகக் கொடுத்து, நாளிட்டு, எழுத்தில் கருத்துப் பெறுக. வாய்ச்சொல்லாற் பெற்ற ஒப்புதல் காற்றோடு போகும். நெறியாளர்பால் பணிவு வேண்டும். ஆனால் அவர் வீட்டு மின்கட்டணம் கட்டுவது ஆய்வுப்பணியன்று. (இதனைச் சொல்ல வேண்டியிருப்பதே நாணத்தக்கது.)

தமிழ்ப்பற்றுடைய இளைஞர் சிலர் ஆங்கிலமே வேண்டாவென்று ஒதுங்குகின்றனர். இது பற்றன்று, படைக்கலத்தைத் தாமே கீழே போடுதல். பரோ, எமனோ இருவரும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை மறுக்க வேண்டுமாயினும் முதலிற் படித்தாக வேண்டும். அஃது ஆங்கிலத்திலேயே உள்ளது. தனித்தமிழ்ச் சொல்லாய்வுக்கு அரண் செய்த பாவாணர் பன்மொழி கற்றவர். கற்பது எம்மொழியிலாயினும், எழுதுவது ஊர்ப்பள்ளித் தமிழாசிரியர்க்கும் விளங்கும் தமிழிலாகுக. ஒவ்வோர் இயலும் முடிந்தவுடன் அத்தகைய ஒருவரிடம் கொடுத்து, அவர் படிக்கையில் நின்ற இடங்களிலெல்லாம் கோடிட்டு வாங்குதல் நன்று.