மெயில் பெட்டிக்குள் குவியும் குப்பை

தோழியரே, ஈ-மெயில் எல்லாம் ஆபீஸ் போறவங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு என்று ஒதுக்கிய காலம் போயே போச்சு. ரயில் டிக்கெட், பேங்க் கணக்கு, பிள்ளைகளின் ஹால் டிக்கெட், காலேஜ் கவுன்சலிங் எல்லாம் இப்போது அந்தப் பெட்டிக்குத்தான் வருகிறது. பல வீடுகளில் குடும்பத்துக்கே ஒரு முகவரிதான். அதுவும் அம்மாவின் போனில். அதே பெட்டியில்தான் ஜவுளிக்கடைத் தள்ளுபடியும், 'லோன் வேணுமா' என்ற உபசரிப்பும், கோடி ரூபாய் பரிசு விழுந்திருக்கு என்ற புளுகும் வந்து குவிகின்றன.

எங்கள் தெருவில் ஒரு மைனி, விசைத்தறிக் குடும்பம். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். இன்ன தேதிக்குள் சர்டிபிகேட்டோடு வரவும் என்று ஒரு கல்லூரியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. அதற்கு மேலே எண்பது, தொண்ணூறு விளம்பரங்கள்! நாலு நாள் கழித்துக் கண்ணில் பட்டபோது தேதி முடிந்துவிட்டது. "எளவு விளம்பரத்துக்குள்ள எம்புள்ள சீட்டு கெடந்திருக்கே" என்று அவர் அழுததைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது வேறு ஊரில், ஆசைப்படாத பாடத்தைப் படிக்கிறாள்.

"நோட்டீஸ் மாதிரி கிழிச்சுப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே" என்கிறார்கள் வீட்டு ஆண்கள். ஆடித் தபசு சமயம் நம் ரத வீதியில் கையில் திணிக்கிற நோட்டீஸுக்கு அச்சுக் கூலி உண்டு, அதனால் அளவோடுதான் தருவார்கள். மெயிலுக்கு அந்தச் செலவு இல்லையே! லட்சம் பேருக்கு அனுப்பி, பத்துப் பேர் மாட்டினாலும் லாபம்தான். அமெரிக்காவில் 1978-ல் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் தம் சரக்கை விற்க, சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். இந்த வகையில் அதுதான் முதல் என்கிறார்கள். அன்றைக்கே நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டாராம். ஆனால் வியாபாரமும் ஆச்சு. அப்புறம் எப்படி நிற்கும்?

போன் விளம்பரத் தொல்லைக்கு 1909 என்ற எண் இருக்கிறது. அதில் பதிந்து வைக்கலாம். மெயிலுக்கு அப்படி ஒரு நம்பர் கிடையாது. நாமேதான் பெருக்கித் தள்ள வேண்டும்.

தெரிந்த கடை, தெரிந்த கம்பெனி என்றால் அந்த மெயிலிலேயே 'அன்சப்ஸ்கிரைப்' என்று இருக்கும். அதை அழுத்தினால் போதும். மொத்தமாக விளம்பரம் அனுப்புகிறவர்கள் இந்த வசதியைக் கட்டாயம் வைக்க வேண்டும், கேட்ட இரண்டு நாளில் நிறுத்தவும் வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024-ல் கறாராகச் சொல்லிவிட்டன. முன்பின் தெரியாத ஆள் அனுப்பியது என்றால் கதையே வேறு. அதற்குள் எதையும் அழுத்தக் கூடாது, 'வேண்டாம்' என்று சொல்வதற்குக்கூட! இந்த முகவரியில் ஆள் இருக்கு என்று அவனுக்குத் தெரிந்துவிடும். 'ரிப்போர்ட் ஸ்பேம்' என்று தள்ளிவிடுங்கள். ஜிமெயிலில் அந்த ஸ்பேம் பகுதி 30 நாளில் தானே காலியாகிவிடும். நல்ல கடிதமும் சில சமயம் அதில் போய் விழுவதுண்டு. ஆகவே வாரம் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. சாமிக்கு ஒரு சொம்பு, புழங்க ஒரு சொம்பு வைக்கிறோமில்லையா? அது மாதிரி முகவரியும் இரண்டு வேண்டும். பேங்க், படிப்பு, சர்க்கார் வேலைக்கு ஒன்று. கடை கண்ணிக்கு இன்னொன்று. பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டில் இதை அப்ளிகேஷன் போடும் முன்னாலேயே செய்துவிடுங்கள். ஜிமெயிலில் 15 ஜிபிதான் இலவசம். போட்டோ, மெயில் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. நிரம்பிவிட்டால் புதுக் கடிதம் உள்ளேயே வராது.

முகவரியையும் போன் நம்பரையும் பாதி நேரம் நாம்தான் பில் கவுண்டரில் எடுத்துக் கொடுக்கிறோம். "நம்பர் சொன்னாத்தான் பில் போட முடியும்மா" என்பார்கள். வாடிக்கையாளரிடம் போன் நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மெயில் முகவரிக்கும் அதே நியாயம்தானே? அடுத்த தடவை ஜவுளி எடுக்கப் போகும்போது "நம்பர் தர மாட்டேம்ப்பா, பில்லைப் போடு" என்று சொல்லிப் பாருங்கள். போன மாதம் நான் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

- ஒரு வாசகி, சங்கரன்கோவில்