பாடக்குறிப்பை எழுதுவது யார்?

பள்ளி ஆசிரியரின் அன்றாடக் கடமைகளுள் பாடக்குறிப்பு எழுதுதல் ஒன்று. வகுப்பு, பாடத்தலைப்பு, கற்றல் விளைவு, துணைக்கருவி, அறிமுகம், செயல்பாடு, மதிப்பீடு, வீட்டுப்பாடம் எனக் கட்டங்கள் வகுத்து நிரப்பித் தலைமையாசிரியரின் ஒப்பம் பெற வேண்டிய ஏடு அது. அந்த ஏட்டை எழுதித்தர இன்று ஓர் எந்திரம் முன்வந்துள்ளது. வகுப்பையும் தலைப்பையும் நேர அளவையும் தட்டச்சு செய்தால் போதும். செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்திற்குள் கட்டங்கள் அனைத்தையும் நிரப்பிவிடுகிறது.

இதனை வரவேற்பதா, விலக்குவதா என்னும் வினா ஆசிரியர் அறைகளில் எழுந்துள்ளது. வினாவை அவ்வாறு எழுப்புவது பொருந்தாது என்பது எமது கருத்து. பாடக்குறிப்பின் எந்தப் பகுதியை எந்திரத்திடம் விடலாம், எந்தப் பகுதியை ஒருபோதும் விடலாகாது என்பதே நாம் கேட்க வேண்டிய வினாவாகும்.

பொருளும் கொள்வோனும்

பாடத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பது மேலைநாட்டார் வந்து நமக்குச் சொல்லித்தந்த செய்தியன்று. ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் (1776–1841) பெயரால் வழங்கும் கற்பித்தல் படிகளும், 1956இல் வெளிவந்த புளூமின் கல்வி நோக்க வகைப்பாடும் நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் இடம்பெற்றுள்ளன என்பது உண்மையே. ஆயினும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்திலக்கணத்துக்குள் நுழையுமுன்பே, தன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியன் இலக்கணத்தையும் பாடம் சொல்லும் முறையையும் தனித்தனியே எடுத்துப் பேசுகிறது.

அங்கு ஆசிரியனுக்கு விதிக்கப்படும் கடமைகளுள் இரண்டு நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை. கற்பிக்கவிருக்கும் செய்தியைத் தன் மனத்துள் முன்னரே ஒழுங்கு செய்துகொள்ளுதல் ஒன்று. எதிரே அமர்ந்திருக்கும் மாணாக்கன் அதனை எவ்வாறு ஏற்பான் எனத் தெரிந்துகொள்ளுதல் மற்றொன்று. மாணாக்கரை அன்னம், பசு முதலியவற்றோடு ஒப்பிட்டு அந்நூல் தரம் பிரித்துக் காட்டுவதும் இந்த இரண்டாம் கடமையோடு தொடர்புடையதே. தமிழ்நாட்டரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்க முனைந்தது. பழைய கருத்தின் புதிய வடிவம் எனவே அதனைக் கொள்ளலாம்.

ஆக, பாடக்குறிப்புக்கு இரு பாதிகள் உண்டு. பொருளை அமைப்பது முதற்பாதி. கொள்வோனை அறிவது இரண்டாம் பாதி. இவ்விரண்டையும் பிரித்துப் பாராமல் எந்திரத்தைப் புகழ்வோரும் பழிப்போரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

எந்திரத்தின் ஆற்றல்

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியானது. அடுத்த ஆண்டிலேயே நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் ஒரு முயற்சி தொடங்கிற்று. மைக்ரோசாப்ட் ஆய்வு நிறுவனமும் சிக்ஷனா அறக்கட்டளையும் இணைந்து ‘சிக்ஷா கோபைலட்’ என்னும் கருவியை உருவாக்கி, பெங்களூருவிலும் சுற்றுப்புறத்திலுமுள்ள சில பள்ளிகளில் முன்னோட்டமாகப் பயன்படுத்தின. பள்ளிப் பாடநூலை அடிப்படையாக வைத்து ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் பாடக்குறிப்பு வரைய அது துணைபுரிந்தது.

இங்கிலாந்தில் நடந்து 2024இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இன்னும் தெளிவான கணக்கைத் தருகிறது. 68 இடைநிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 259 அறிவியல் ஆசிரியர்கள் அதில் பங்கேற்றனர். சாட்ஜிபிடியை வழிகாட்டிக் கையேட்டுடன் பயன்படுத்தியோர் பாடம் ஆயத்தம் செய்ய வாரத்திற்குச் சராசரியாக 56 நிமிடம் செலவிட்டனர். பயன்படுத்தாதோருக்கு 81 நிமிடம் ஆயிற்று. மிச்சமான நேரம் 31 விழுக்காடு. உருவாக்கிய பாடப்பொருள்களின் தரத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு இருப்பதாக மதிப்பிட்ட வல்லுநர்கள் காணவில்லை.

இதனைப் புறந்தள்ளுதல் அறிவுடைமை ஆகாது. எமிஸ் இணையப் பதிவுகள், நலத்திட்டப் பொருள் வழங்கல், தேர்தல் பணி, பயிற்சி வகுப்பு எனப் பல திசைகளில் இழுக்கப்படும் நம் ஆசிரியருக்கு வாரத்தில் 25 நிமிடம் என்பது சிறு கொடையன்று. ஆயினும் அவ்வாய்வு எதனை அளந்தது என்பதையும் நோக்க வேண்டும். ஆசிரியரின் நேரத்தையும் பாடப்பொருளின் தரத்தையும் அது அளந்தது. மாணவர் கூடுதலாகக் கற்றனரா என்பதை அளக்கவில்லை. முதற்பாதியில் எந்திரம் துணையாகும் என்பதற்கு அது சான்று. இரண்டாம் பாதியைப் பற்றி அது ஏதும் கூறவில்லை.

எந்திரம் செயற்படும் முறையே இதற்கு விளக்கமாக அமைகிறது. எழுதப்பட்ட கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து, எச்சொல்லை அடுத்து எச்சொல் வரும் என்னும் போக்கினைக் கற்றுக்கொண்டு அது விடை புனைகிறது. எதைப் பற்றி உலகம் மிகுதியாக எழுதியுள்ளதோ அதில் அது வல்லது. எதைப் பற்றிக் குறைவாக எழுதப்பட்டுள்ளதோ அதில் தடுமாறும். தடுமாறும்போதும் அதன் குரலில் தயக்கம் தோன்றாது என்பதே இடர்ப்பாடு. இணையத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிடத் தமிழ்ப் பக்கங்கள் மிகக் குறைவு. ஓர் ஊரின் செய்திகளோ அதனினும் குறைவு.

நெய்வேலியில் ஒரு பாடம்

சான்றாக, நடுநிலை வகுப்பில் ‘நிலக்கரியும் மின்சாரமும்’ என்றொரு பாடம் நடத்தப்படுவதாகக் கொள்வோம். பாடம் நடக்கும் இடம் நெய்வேலி நகரியம்.

உலகில் நிலக்கரி பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி கருநிலக்கரியைப் பற்றியதாகும். நெய்வேலிப் பிள்ளைகள் அன்றாடம் கேட்டு வளர்வதோ பழுப்பு நிலக்கரியை. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமே. நெடுந்தொலைவு கொண்டுசெல்வது கட்டுப்படியாகாது என்பதாலேயே சுரங்கத்தின் வாயிலிலேயே மின்நிலையம் எழுந்தது. கரிப்படுகைக்குக் கீழே மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கிறது. அதனை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். கரிக்கு மேலுள்ள மண்ணைப் பெருஞ்சக்கர எந்திரங்கள் வெட்டியெடுத்து மலைபோல் குவிக்கின்றன. இச்செய்திகளை விடுத்துக் கருநிலக்கரிக்கு எழுதிய பாடக்குறிப்பை இங்கு நடத்தினால், சன்னலுக்கு வெளியே உள்ள ஊரும் சன்னலுக்கு உள்ளே நடக்கும் பாடமும் ஒன்றையொன்று அறியாமற் போகும்.

காலமும் பிறழக்கூடும். 1956இல் நிறுவப்பெற்ற நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் 2016இல் என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் மாறிற்று. சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்து 1962இல் மின்னாக்கம் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. பழைய பக்கங்களைக் கற்ற எந்திரம் அந்நிலையம் இன்றும் இயங்குவதாக எழுதக்கூடும். அங்குப் பணியாற்றி ஓய்வுபெற்றவரின் பேரன் வகுப்பிலிருந்தால், ஆசிரியரின் சொல் அன்றே மதிப்பிழக்கும்.

இவையெல்லாம் திருத்தத்தக்க பிழைகள். கருவிகள் வளர வளரக் குறையவும் கூடும். குறையாத ஒன்றும் உண்டு.

அவ்வகுப்பில் அமர்ந்திருப்போரை எண்ணிப் பாருங்கள். நிரந்தரப் பணியாளரின் மகள் நகரியத்து வட்டமொன்றிலிருந்து வருகிறாள். ஒப்பந்தத் தொழிலாளியின் மகன் மந்தாரக்குப்பத்திலிருந்து வருகிறான். மற்றொருவனின் தந்தை முந்திரித்தோப்பில் கூலி வேலை செய்கிறார். இன்னொருத்தியின் குடும்பம் சுரங்கத்துக்கு நிலம் தந்து இடம்பெயர்ந்தது. 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்கு நடுவே சுரங்க விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த போராட்டத்தை அப்பிள்ளைகளின் வீடுகள் ஒரே கண்கொண்டு பார்த்திருக்க இயலாது. ஒரு வீட்டின் சோறும் மற்றொரு வீட்டின் இழப்பும் ஒரே சுரங்கத்திலிருந்து வந்தவை. “நிலக்கரி நாட்டின் செல்வம்” என்று ஆசிரியர் கூறும்போது ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்காரும். ஒரு பிள்ளை தலை கவிழும். அந்தத் தலை எது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கேற்ப ஒரு சொல்லைச் சேர்க்கவும் ஒரு சொல்லைத் தவிர்க்கவும் அவர் முன்னரே எண்ணியிருக்க வேண்டும். இரண்டாம் பாதி என நாம் கூறியது இதுவே.

“அச்செய்திகளையும் எந்திரத்திடம் சொல்லிவிட்டால் போயிற்று” எனச் சிலர் கூறலாம். அங்கேதான் சிக்கல் முற்றுகிறது. எந்தப் பிள்ளை எந்தக் குடும்பத்தது, யாருக்கு எழுத்துக்கூட்ட வராது, யார் வீட்டில் என்ன துயர் என்பனவெல்லாம் நம்பிக்கையின் பெயரால் ஆசிரியருக்குக் கிடைத்தவை. அவற்றைப் பிறர்க்குரிய கணிப்பொறியில் இடுவது அறமன்று. இந்திய நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டுமென வகுத்துள்ளது. எனவே நல்ல பாடக்குறிப்புக்கு எது தெரிய வேண்டுமோ, அதுவே எந்திரத்திடம் சொல்லத் தகாதது. இரண்டாம் பாதி ஆசிரியருக்கே உரியது எனக் கூறுவதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுமோ?

ஒப்பமிடுவோர் கவனத்திற்கு

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. எந்திரம் வருமுன்பே பாடக்குறிப்பேடு உயிரிழக்கத் தொடங்கிவிட்டது. சென்ற ஆண்டின் ஏட்டைப் பார்த்து இவ்வாண்டு எழுதுவதும், இணையத்தில் வாரந்தோறும் உலவும் ஆயத்தக் குறிப்புகளைப் படியெடுப்பதும் ஆசிரியருலகம் அறியாதன அல்ல. கட்டங்கள் நிரம்பினவா என்று மட்டுமே பார்த்து ஒப்பமிடும் வழக்கம் இதற்குப் பெருங்காரணம். எதைக் கேட்கிறோமோ அதுவே கிடைக்கும். கட்டத்தைக் கேட்டோம், கட்டம் கிடைத்தது. இனி அதனை எந்திரம் நிரப்பும். ஆகவே கேட்பதை மாற்றுவதே தீர்வு.

முதற்பாதியை எந்திரத்தின் துணையோடு ஆக்க இசைவு தரலாம். பாடநூலோடு ஒப்பிட்டு ஆசிரியர் சரிபார்த்திருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயமாகட்டும். இரண்டாம் பாதியை ஒரு பக்க அளவில் ஆசிரியர் தம் கைப்பட எழுதட்டும். முந்தைய பாடம் யாருக்கு விளங்கவில்லை? இப்பாடத்தோடு நம் ஊரில் எது தொடர்புடையது? இப்பாடம் யாரை ஊக்கும், யாரை வருத்தும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை அதில் இருந்தால் போதும். பெயர்களை எழுதவும் தேவையில்லை. தலைமையாசிரியர் அப்பக்கத்தைப் படித்து, ஆசிரியரோடு சற்று உரையாடி, அதன்பின் ஒப்பமிடட்டும்.

ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்கள் மட்டும் இரு பாதிகளையும் தாமே எழுதிப் பழகுதல் வேண்டும். கணக்கைப் போடத் தெரிந்தவரே கணிப்பான் காட்டும் விடை தவறென ஐயுறுவார். பாடத்தைத் தாமே ஒருமுறையேனும் அமைத்துப் பாராதவர் எந்திரம் தருவதைத் திருத்த வல்லவராகார்.

பள்ளிகளை நடத்தும் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. எந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் ஆசிரியருடையது. அவர் வழியாக மாணவருடையது. அந்நேரத்தில் மேலும் இரண்டு பதிவேடுகளைச் சுமத்தினால் பயன் யாருக்கும் இல்லை. “பாடக்குறிப்பை எந்திரம் எழுதிவிடுகிறது, இனித் தகுதி குறைந்தோரைக் குறைந்த ஊதியத்தில் அமர்த்தினாலும் போதும்” என்னும் எண்ணம் எந்த நிர்வாகத்திலும் தலைதூக்கலாகாது. எழுதித்தரும் கருவி எளிதாகக் கிடைக்கும் காலத்தில், எழுதியதை எடைபோடத் தெரிந்த ஆசிரியரின் தேவை கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

பொருளை அமைப்பதில் துணை யாரிடமும் பெறலாம். நூலிடம் பெற்றோம், கையேட்டிடம் பெற்றோம், இன்று எந்திரத்திடம் பெறுகிறோம். வகுப்பில் தலை கவிழ்ந்த பிள்ளையைக் காணும் பொறுப்பை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க இயலாது. அந்த ஒரு பக்கத்தை ஆசிரியர் தம் கைப்பட எழுதும்வரை பாடக்குறிப்பு அவருடையதாகவே இருக்கும் என்பது எமது துணிபு.