நீங்கள் கேட்டவை: பழுதான இரண்டு செயின் சா... ஒன்றாக்க முடியுமா?

"எங்களிடம் ஸ்டில் எம்.எஸ். 210 செயின் சா இருக்கிறது. காய்ந்த தென்னையை அறுக்கும்போது இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. மைத்துனரிடம் எம்.எஸ். 250 இருக்கிறது. மரம் விழுந்து அதன் பாடி உடைந்துவிட்டது, இன்ஜினுக்குச் சேதமில்லை. 250-ன் சிலிண்டரையும் பிஸ்டனையும் கழற்றி 210-ல் மாட்டினால் போதும் என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா?"

- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

மாட்டினால் உட்காரும். ஆனால், 250-ன் சக்தி கிடைக்காது. காரணம், சிலிண்டருக்குக் கீழே இருக்கும் கிராங்க்.

சிலிண்டரின் உள்விட்டத்தை 'போர்' என்றும், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரத்தை 'ஸ்ட்ரோக்' என்றும் சொல்வார்கள். எம்.எஸ். 210-ன் போர் 40 மி.மீ.; ஸ்ட்ரோக் 28 மி.மீ. அதனால் அது 35.2 சி.சி. இன்ஜின். எம்.எஸ். 250-ன் போர் 42.5 மி.மீ.; ஸ்ட்ரோக் 32 மி.மீ. அது 45.4 சி.சி. ஸ்ட்ரோக்கைத் தீர்மானிப்பது கிராங்க். சிலிண்டரை மட்டும் மாற்றினால், 42.5 மி.மீ. பிஸ்டன் பழைய 28 மி.மீ. தூரம்தான் போய்வரும். கணக்குப் போட்டால் 40 சி.சி-கூட வராது. அதோடு, பிஸ்டன் மேலே 2 மி.மீ. குறைவாக ஏறும். கம்ப்ரஷன் குறையும். கீழேயும் 2 மி.மீ. குறைவாக இறங்குவதால், காற்றும் புகையும் போகும் துவாரங்கள் முழுதாகத் திறக்காது. கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலிப்பதுதான் மிச்சமாகும்.

இதே நிறுவனத்தின் எம்.எஸ். 230-ல் போர் 40 மி.மீ., ஸ்ட்ரோக் 32 மி.மீ. பழுதானது 230 ஆக இருந்தால், மெக்கானிக் சொன்ன வழி சரிப்படும். 210-க்குச் சரிப்படாது.

முழு இன்ஜினையும் மாற்றுங்கள்

இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. இந்த மூன்று மாடல்களும் ஒரே குடும்பம். சிலிண்டர், கிராங்க், அடித்தட்டு மூன்றும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, பிளாஸ்டிக் பாடிக்குள் போல்ட்டுகளில் நிற்கும். எனவே, 250-ன் இன்ஜினைப் பிரிக்காமல் அப்படியே தூக்கி 210-ன் பாடியில் வைத்துவிடலாம். கார்ப்பரேட்டர், சைலன்சர், மேக்னெட் சக்கரம், காயில் ஆகியவற்றையும் 250-ல் இருந்தே எடுப்பது நல்லது. 35 சி.சி-க்கு வைத்த கார்ப்பரேட்டரை 45 சி.சி. இன்ஜினில் மாட்டினால் பெட்ரோல் போதாமல் சூடேறி, மறுபடியும் ஜாம் ஆகும்.

வேறு கம்பெனி மெஷின்களில் பாகம் மாற்ற நினைப்பவர்கள், காசு கொடுப்பதற்கு முன் வெர்னியரால் மூன்று அளவுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று ஸ்ட்ரோக். இரண்டு பிஸ்டன் பின், 8 மி.மீ., 10 மி.மீ., 12 மி.மீ. என்று வேறுபடும். மூன்று சிலிண்டர் போல்ட் துளைகளின் இடைவெளி. இவற்றில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் வாங்க வேண்டாம். மூன்றும் ஒத்துவந்து பொருத்திய பிறகு, பிளக் துளை வழியாக ஈயக்கம்பியைச் சிலிண்டர் ஓரம் வரை விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கவும். நசுங்கிய முனை அரை மி.மீ-க்குக் குறைவாக இருந்தால் பிஸ்டன் மேலே இடிக்கும் ஆபத்து உண்டு. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ரிங் முனை துவாரத்தில் சிக்கி உடையும்.

பைக் இன்ஜின்போல 'போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன்' என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். இந்தச் சிலிண்டர்கள் அலுமினியம். உள்ளே மெல்லிய கடினப் பூச்சுதான் இருக்கிறது. கடைந்தால் பூச்சு போய்விடும்.

பழைய பிஸ்டனைத் தூக்கி எறியாதீர்கள்

210 ஏன் ஜாம் ஆனது என்று தெரியாமல் 250-ன் இன்ஜினை மாட்டினால், இருக்கும் ஒரு நல்ல இன்ஜினும் போய்விடும். பழைய பிஸ்டனைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். சுற்றிலும் கோடு கோடாகக் கீறியிருந்தால், பெட்ரோலில் ஆயில் கலக்கவில்லை அல்லது போதவில்லை. சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்தால், பெட்ரோல் குறைந்து சூடேறியிருக்கிறது. கார்ப்பரேட்டர் பக்கம் கீறியிருந்தால், ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது.

ஸ்டில் நிறுவனத்தின் டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. வேறு டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 40 மில்லி என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரை. கண் அளவில் ஊற்றாமல் அளந்து ஊற்ற வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு கேனில் பெட்ரோல் வைத்திருந்தால், ஆயில் கலந்த கேனில் பெயின்டால் எழுதி வைப்பது நல்லது.

மாற்றிய பிறகு, ஐடிலில் ஓடவிட்டு மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கவும். தானாக வேகம் ஏறினால், ஆயில் சீல் அல்லது கார்ப்பரேட்டர் ரப்பர் வழியாகக் காற்று புகுகிறது. அதைச் சரிசெய்யாமல் மரத்தில் வைக்கக் கூடாது. முழு வேகத்தில் சுமை இல்லாதபோது லேசாகக் கரகரத்து, மரத்தில் வைத்ததும் சத்தம் சீராக வேண்டும். சுமை இல்லாமலே கீச்சென்று கத்தினால், 'ஹெச்' திருகைக் கொஞ்சம் திறந்து பெட்ரோலைக் கூட்ட வேண்டும்.

கடைசியாக செயின் பிரேக். 250-ன் இன்ஜினுக்கு இழுவை கூடுதல். முன்பிடிக்கு மேலுள்ள கார்டை முன்னால் தள்ளியதும் ஓடும் செயின் அந்த நொடியே நிற்கிறதா என்று பார்க்கவும். நிற்காவிட்டால், இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் தோட்டத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். பிரேக் பட்டையை மாற்றிவிட்டு, முதலில் சின்னக் கிளைகளை அறுத்துப் பார்த்து, அதன்பிறகு தென்னைக்குப் போகலாம்.