வலி மருத்துவப் பயிற்சி: ஊசியா, உரையாடலா?

நாட்பட்ட முதுகுவலிக்கு முதுகுத்தண்டில் ஊசி மூலம் அளிக்கப்படும் சிகிச்சைகளைத் தவிர்க்க வேண்டும் என்று, 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியான சர்வதேச நிபுணர் குழு ஒன்றின் வழிகாட்டுதல் உறுதியாகப் பரிந்துரைத்தது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கின்ற, புற்றுநோய், நோய்த்தொற்று போன்ற காரணங்களால் ஏற்படாத வலிக்கே இந்தப் பரிந்துரை பொருந்தும். தண்டுவடத்தைச் சூழ்ந்த பகுதியில் செலுத்தப்படும் ஸ்டீராய்ட் ஊசிகளும், ரேடியோ அலை வெப்பத்தால் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் முறையும் இதில் அடங்கும்.

வலி மருத்துவர்களின் அமைப்புகள் இதனைக் கடுமையாக ஆட்சேபித்தன. வெவ்வேறு நோய்களையும் வெவ்வேறு சிகிச்சைகளையும் ஒன்றாகக் கலந்து ஆராய்ந்ததால் தவறான முடிவு எட்டப்பட்டிருப்பதாக அவை வாதிட்டன.

இந்த விவாதத்தில் யார் சொல்வது சரி என்பதை ஆய்வுகளே தீர்மானிக்க வேண்டும். ஆனால் அதற்குப் பின்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. அமெரிக்காவில் முதுகுத்தண்டு மற்றும் வலி மருத்துவத்தில் ஃபெலோஷிப் எனப்படும் உயர்நிலைப் பயிற்சி பெறும் மருத்துவர்கள், அந்த ஓராண்டில் பெரிதும் கற்றுக்கொள்வது இதே ஊசி சிகிச்சைகளைத்தான். அவற்றின் பயன் கேள்விக்குள்ளாகும்போது, அந்தப் பயிற்சியின் நோக்கமும் கேள்விக்குள்ளாகிறது.

துறையின் தோற்றம்

வலி மருத்துவம் ஊசியோடு பிறந்த துறை அல்ல. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மயக்கவியல் மருத்துவர் ஜான் பொனிகா, இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த படையினருக்கு வாஷிங்டன் மாநிலத்தின் இராணுவ மருத்துவமனையில் சிகிச்சை அளித்தவர். காயம் ஆறிய பின்னரும் ஆறாத வலியை எந்த ஒரு துறையின் மருத்துவராலும் தனித்துக் குணப்படுத்த முடியவில்லை என்பதை அவர் அங்கு கண்டார்.

1953இல் வலி பற்றிய விரிவான நூலொன்றை வெளியிட்ட பொனிகா, 1960களின் தொடக்கத்தில் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல துறை மருத்துவர்கள் ஒன்றாக அமர்ந்து நோயாளியை ஆராயும் வலி மருத்துவ நிலையத்தை உருவாக்கினார். 1973இல் அவர் கூட்டிய மாநாட்டிலிருந்தே வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் தோன்றியது. நரம்பியல், உளவியல், உடலியக்க மருத்துவம் ஆகிய யாவும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டும் என்பதே அவரது அடிப்படைக் கருத்து.

இன்றைய பயிற்சி விதிமுறைகளில் இந்தக் கருத்து எழுத்தளவில் இருக்கவே செய்கிறது. மயக்கவியல், மறுவாழ்வு மருத்துவம், நரம்பியல், மனநல மருத்துவம் போன்ற துறைகளில் பயிற்சியை முடித்தவர்கள் இந்த ஓராண்டு ஃபெலோஷிப்பில் சேரலாம். யாராக இருந்தாலும் பிற துறைகளின் அணுகுமுறையையும் கற்க வேண்டும் என்று அங்கீகாரக் குழு வலியுறுத்துகிறது. அந்தக் குழுவின் வரம்புக்கு வெளியேயும் முதுகுத்தண்டு ஊசி சிகிச்சைக்கான தனிப் பயிற்சிகள் நடைபெறுகின்றன.

கட்டணமே பாடத்திட்டம்

நடைமுறையில் பாடத்திட்டத்தைத் தீர்மானிப்பது விதிமுறைகள் மட்டுமல்ல. காப்பீட்டு நிறுவனங்கள் எதற்குப் பணம் தருகின்றன என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் மருத்துவச் செலவு பெரும்பாலும் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனிக் கட்டணம் என்ற முறையில் ஈடுசெய்யப்படுகிறது. சில நிமிடங்களில் முடியும் ஊசி சிகிச்சைக்குக் கிடைக்கும் தொகை, நோயாளியுடன் நெடுநேரம் அமர்ந்து அவரது உறக்கம், வேலை, மனச்சோர்வு ஆகியவற்றை விசாரிப்பதற்குக் கிடைப்பதில்லை. பொனிகா காட்டிய வழியில் உருவான பல்துறை நிலையங்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து பெருமளவில் மூடப்பட்டதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

ஆகவே, இளம் மருத்துவர் ஊசியை அதிகம் கற்பது அவரது பேராசையால் அல்ல. அவர் நாளை பணியாற்றப் போகும் மருத்துவமனை அவரிடம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

மாத்திரையிலிருந்து ஊசிக்கு

இந்தப் போக்கு வலுப்பட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பர்டியூ ஃபார்மா நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் மாத்திரை 1996இல் சந்தைக்கு வந்தபோது, அபின் வகை மருந்துகளே நாட்பட்ட வலிக்குத் தீர்வு என்று மருத்துவர்களிடம் பிரசாரம் செய்யப்பட்டது. அந்த மருந்தின் அடிமைப்படுத்தும் தன்மை குறித்துத் தவறான தகவல் அளித்ததாக 2007இல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020இல் மீண்டும் குற்றங்களை ஒப்புக்கொண்டது. 1999 முதல் 2023 வரை, சட்டவிரோதமாக விற்கப்பட்டவை உள்ளிட்ட அபின் வகை மருந்துகளை அளவுக்கு மீறி உட்கொண்டு அமெரிக்காவில் இறந்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர்.

2016இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த மருந்துகளைக் கட்டுப்படுத்தும் வழிகாட்டுதலை வெளியிட்டது. மாத்திரையின் இடத்தை நிரப்பப் பாதுகாப்பான மாற்றாக முன்வைக்கப்பட்டவற்றுள் ஊசி சிகிச்சையும் ஒன்று. ஆனால் அதுவும் ஆபத்தில்லாதது அல்ல. 2012இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் தயாரான ஸ்டீராய்ட் மருந்தில் பூஞ்சை கலந்திருந்ததால் 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றனர், 64 பேர் உயிரிழந்தனர். தவறு மருந்தைத் தயாரித்த நிறுவனத்துடையது. எனினும், அந்தத் தொகுதி மருந்தைப் பெற்றவர்கள் மட்டும் சுமார் 14 ஆயிரம் பேர் என்பது இந்தச் சிகிச்சை எவ்வளவு பரவியிருந்தது என்பதைக் காட்டியது.

பயன் குறித்தும் ஐயங்கள் எழுந்தன. தண்டுவடப் பாதை சுருங்கியதால் வலியுற்ற 400 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், மரப்பு மருந்துடன் ஸ்டீராய்டைச் சேர்த்துச் செலுத்தியதால், மரப்பு மருந்தை மட்டும் செலுத்தியதைவிட ஆறு வாரங்களில் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் ஏற்படவில்லை.

பிற நாடுகளின் வழி

பிரிட்டனில் 2016இல் வெளியான நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், சாதாரண கீழ்முதுகு வலிக்கு முதுகுத்தண்டு ஊசி வேண்டாம் என்றது. ஆனால் கால்வரை பரவும் கடுமையான நரம்பு வலி புதிதாகத் தோன்றும்போது ஊசியைப் பரிசீலிக்கலாம் என்றும், தேர்ந்தெடுத்த சிலருக்கு ரேடியோ அலை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றும் அது கூறியது. ஊசியை முற்றாகத் துறப்பதற்கும் எல்லோருக்கும் போடுவதற்கும் இடையே ஒரு வழி இருக்கிறது என்பதற்கு இது சான்று.

ஆஸ்திரேலியா 2005இல் வலி மருத்துவத்தைத் தனித் துறையாகவே அங்கீகரித்தது. அங்கு பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள். வலியை உடல், உளம், சமூகச் சூழல் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்றாகப் பார்ப்பதே அந்தப் பயிற்சியின் அடித்தளம்.

செவிக்கும் பயிற்சி வேண்டும்

பயிற்சியில் விடுபடும் திறன்களில் முதன்மையானது கேட்டல். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிப்பானது என்பது போன்ற தவறான நம்பிக்கைகளில் ஒன்றையேனும் கொண்டிருந்தது தெரியவந்தது. அத்தகையோர் கறுப்பினத்தவரின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர்.

புலம்பெயர்ந்த தமிழருக்கு இது அயலார் பிரச்சினை அல்ல. குத்து, குடைச்சல், கடுப்பு, உளைவு, இழுப்பு, எரிவு எனத் தமிழில் வலிக்குப் பல பெயர்கள் உண்டு. எரிவு நரம்பைச் சுட்டலாம். உளைவு தசையைச் சுட்டலாம். பேரப்பிள்ளை மொழிபெயர்க்கும்போது இவை யாவும் ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கி, பின்னர் பூச்சியம் முதல் பத்து வரையிலான ஓர் எண்ணாகி விடுகின்றன. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மருத்துவர், நோயாளி சொன்னதில் பாதியை இழந்துவிடுகிறார்.

என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு நிலவரப்படி வயது வந்தோரில் 24.3 சதவீதத்தினர் நாட்பட்ட வலியுடன் வாழ்ந்தனர். பயிற்சி இடங்களை அதிகரிப்பதால் மட்டும் இவர்களுக்குத் தீர்வு கிடைக்காது. 2023 ஜனவரியில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், நாட்பட்ட வலியைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே தனி மாதக் கட்டணத்தை அறிமுகப்படுத்தியது. சிறிய நடவடிக்கைதான் என்றாலும் திசை சரியானது. தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் அதே வழியில் செல்லாதவரை, பாடத்திட்டத்தை எத்தனை முறை திருத்தினாலும் மாணவர்கள் கட்டணப் பட்டியலையே பின்பற்றுவார்கள்.

ஊசி பிடிக்கத் தெரிந்த மருத்துவர் தேவை என்பதில் ஐயமில்லை. பயிற்சியில்லாத கை தண்டுவடத்தின் அருகே செல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால், எந்த நோயாளிக்கு ஊசி வேண்டாம் என்று தீர்மானித்து, அதை அவரிடம் எடுத்துச் சொல்லி, பின்னர் அவரைக் கைவிடாமல் தொடர்ந்து கவனிப்பதும் அதே அளவு திறன் வேண்டும் பணியே. அதற்கு ஊதியம் அளிக்க முன்வரும் நாட்டில்தான் அதைக் கற்பிக்கும் பயிற்சியும் வளரும்.