கடல் காணாதவர்களின் சுறா

பள்ளிபாளையத்தில் கடல் இல்லை, காவிரி இருக்கிறது. ஆயினும் சிறுவயதில் இடுப்பளவு ஆற்றுநீரில் நிற்கையில் காலில் ஏதேனும் உரசினால் ‘சுறா’ என்று அலறிக் கரையேறியிருக்கிறோம். உரசியது கெண்டையாகவோ பாசியாகவோ இருந்திருக்கும். கடலையே காணாத நமக்கு அந்த அச்சத்தைத் தந்தது, தொலைக்காட்சியில் பார்த்த ‘ஜாஸ்’ திரைப்படம்.

1975இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய அப்படத்தில் சுறா வெகுநேரம் கண்ணில் படுவதே இல்லை. படப்பிடிப்புக்கெனச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானது ஒரு காரணம். அதன் இடத்தை ஜான் வில்லியம்ஸின் இசையில் மாறிமாறி ஒலிக்கும் இரண்டு சுரங்கள் நிரப்பின. காணாத ஒன்றுக்கு அஞ்சும் பயிற்சி அங்கேதான் தொடங்கியது.

உலகெங்கும் சுறா தாக்கி இறப்போர் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதர் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. மிகைமீன்பிடிப்பும் துடுப்பு வணிகமுமே இதற்கு முதற்காரணங்கள். பழி முழுவதையும் ஒரு படத்தின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் அழிவைக் கண்டு இரங்கவேண்டிய மனத்தை அது இறுக்கிவிட்டது. மூலநாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்காலத்தில் சுறாக்களைக் காக்கப் பாடுபட்டார். ஸ்பீல்பெர்க்கும் 2022இல் தம் வருத்தத்தைத் தெரிவித்தார்.

சுறாவோடு வாழ்ந்தவர்களின் மனநிலை வேறு. பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. நம் கடற்கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு சமைத்துத் தருகிறார்கள். பழகியவர்களுக்கு அது தெய்வமும் உணவுமாக இருந்தது. பழகாத நமக்கோ வெறும் பற்களாகிவிட்டது.

இதை எழுதக் காரணம் சுறா மட்டுமன்று. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிச் சாயக்கழிவு காவிரியில் கலக்கிறது என்ற முறையீடு பல ஆண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது. அதற்குப் பற்கள் இல்லை. அது வரும்போது பின்னணி இசையும் ஒலிப்பதில்லை. செய்தித்தாளின் உட்பக்கத்தில் ஒரு பத்தியாக வந்து மறைகிறது. இல்லாத சுறாவுக்கு அஞ்சி ஆற்றைவிட்டு ஓடிய நாம், இருக்கும் நஞ்சைப் பார்த்தபடி ஈரோட்டுப் பாலத்தை நாள்தோறும் அமைதியாகக் கடக்கிறோம்.

எதற்கு அஞ்சவேண்டும் என்பதைத் திரையிடம் விட்டுவிட்டோம். அதை நம் கண்களிடம் திரும்பக் கேட்டுப்பெறும் காலம் இது. அடுத்தமுறை பாலத்தைக் கடக்கையில் சற்று நின்று, நீரின் நிறத்தைப் பார்ப்போம்.